கழுத்துக்குள் நாலு அரிசி

ஜனவரி 23, செவ்வாய்

சத்தமாகப் பேசக் கூடாதாம். பாரம் தூக்கக் கூடாது, அண்ணாந்து பார்க்கக் கூடாது, கடைப் பக்கம் போகவே கூடாது. இத்தனை கூடாதுகளையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. ஒயர் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி அலமாரியில் கிடந்தது. இதில் யாரும் என்னைப் பேசாதே என்று சொல்ல முடியாது.

என் பேர் நவமணி. முப்பத்தொன்பது வயசு. தண்ணிக்குள் இறக்குகிற போர்வெல் மோட்டார் எரிந்து வந்தால் கம்பி சுற்றித் தருகிற வேலை. கல்யாணத்துக்கு முன் கோயமுத்தூர் பம்பு கம்பெனியில் கற்றுக்கொண்டேன். தாராபுரம் ரோட்டில் கடை. போர்டில் இருப்பது வீட்டுக்காரரின் அண்ணன், என் மச்சாண்டார் பேர், ‘சென்னியப்பன் மோட்டார் ஒர்க்ஸ்’. உள்ளே சுற்றுவது என் கை. நான் சுற்றிய மோட்டாரை என் வீட்டுக்காரர் தண்டபாணி வண்டியில் கொண்டுபோய்க் குழிக்குள் இறக்குவார். பதினாறு வருஷமாக இப்படித்தான்.

ஆறு வருஷமாகக் கழுத்தில் தைராய்டு கட்டி இருந்தது. போன வருஷம் சோறு விழுங்கச் சிரமமானது. பொங்கலுக்கு முந்தின வியாழக்கிழமை கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். தேதி குறித்தது நான்தான். பொங்கலுக்கு எப்படியும் கடை நாலு நாள் லீவு.

தையல் பிரித்தாயிற்று. ஆபரேஷன் பண்ணின டாக்டர் “எல்லாம் நல்லா முடிஞ்சுதும்மா” என்றார். அவ்வளவுதான் பேச்சு. இங்கிலீஷில் ரெண்டு தாள் கொடுத்தார்கள்.

ஜனவரி 27, சனி

பெரிய வெள்ளை மாத்திரை இன்றோடு தீர்ந்தது. நல்லதாயிற்று. சாக்பீஸை விழுங்குகிற மாதிரி இருந்தது.

உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. தையல் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் போல.

பிப்ரவரி 2, வெள்ளி

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் ரிப்போர்ட்டை வாங்க இவர் மட்டும் பைக்கில் கோயமுத்தூர் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு, “வெயில்ல எதுக்கு? நீ படு” என்றார். சாயங்காலம் வந்தார். “இன்னும் வரலீன்னு சொல்லிட்டாங்க” என்றார். அறுபது கிலோமீட்டர் போய்விட்டு வெறுங்கையோடு வரலாமா? போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். அதைச் சொன்னேன்.

வெறுங்கை என்று எழுதக் கூடாது. திராட்சை வாங்கி வந்திருந்தார், கறுப்புத் திராட்சை. பதினாறு வருஷத்தில் கேட்காமல் வாங்கி வந்தது இதுதான் முதல் தடவை. அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

பிப்ரவரி 9, வெள்ளி

கடைக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை.

நாச்சிபாளையத்துக்காரர் ஒருவருடைய அஞ்சு எச்பி மோட்டார். தக்காளி வாடுகிறது என்று மூணு நாளாகக் கடை வாசலில் நிற்கிறார். மோட்டாரின் இரும்புக் கூடான ஸ்டேட்டரில் இருபத்திநாலு ஸ்லாட்டு, கம்பி போகிற பள்ளம். ஒவ்வொன்றுக்குள்ளும் கம்பியை விட்டு அந்தப் பக்கம் இழுக்க வேண்டும், திரும்ப விட்டு இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். இழுப்பு தளர்ந்தாலும் கெட்டது, ஜாஸ்தியானால் கம்பி மேல் தோல் உரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

ஒன்பதாவது ஸ்லாட்டில் வலது கை நின்றுவிட்டது. விரல் நாலும் நீட்டிக்கொண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது. மணிக்கட்டு கீழே வளைந்தது. நான் சொல்வதைக் கை கேட்கவில்லை. இடது கையால் விரல்களைப் பிரித்தேன், திரும்பவும் ஒட்டிக்கொண்டன. கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கால் மணி நேரத்தில் சரியானது. மோட்டாரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

பிப்ரவரி 10, சனி

வேலை விட்டுப்போன கைக்குச் சுளுக்கு. வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

பழனிக்குக் கூட்டிப்போனார். எதற்கு வேண்டுதல் என்று கேட்டேன். “சும்மாதான்” என்றார். சும்மா யாராவது மொட்டை போடுவார்களா? தலையில் சந்தனம் பூசிக்கொண்டு கூட்டத்துக்குள் நின்று அழுதார். ஜனம் பார்க்கிறது, எனக்கு எரிச்சலாக வந்தது. “ஏனுங், கண்ணுல சந்தனம் விழுந்துட்டுதா?” என்றேன். ஆமா என்றார்.

படி இறங்கும்போது என் கெண்டைக்கால் ரெண்டும் கல்லாகப் பிடித்துக்கொண்டன. நிற்க முடியவில்லை. அவர் என்னைத் தூக்கிக்கொள்ளவா என்று கேட்டார். அத்தனை பேருக்கு நடுவில்! உட்கார்ந்து உட்கார்ந்து நானே இறங்கினேன்.

வழியில் எனக்குப் பட்டுச்சேலை எடுத்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. என்ன ஆகிவிட்டது இந்த மனுசனுக்கு?

பிப்ரவரி 27, செவ்வாய்

இதை நான் பார்க்கவில்லை. மச்சாண்டார் சொல்லித்தான் தெரியும். கடையில் வார்னிஷ் டப்பாவை எடுக்கக் குனிந்தேன். அப்படியே சாய்ந்து கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்ததாம். வாயில் நுரை. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். நினைவு வரும்போது நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். சேலை நனைந்திருந்தது. அதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

மார்ச் 3, சனி

டவுனில் ஒரு டாக்டரிடம் போனோம். ரெண்டு நிமிஷம் கேட்டார். வலிப்பு நோய் என்று எழுதினார். மூணு வருஷத்துக்கு மாத்திரை. நெருப்பு, தண்ணீர், கரண்டு, மெஷின் பக்கம் போகக் கூடாது. “கழுத்துல ஆபரேஷன் பண்ணி ரெண்டு மாசந்தானுங்க ஆகுது, அதனால இருக்குமா?” என்று கேட்டேன். “கழுத்துக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லம்மா” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாண்டார் கடைச் சாவியைக் கேட்டார்.

“அம்மிணி, கோவிச்சுக்காத. கரண்டு கூட வேலை. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? திருப்பூர்ல இருந்து ஒரு பையனை வரச் சொல்லியிருக்கறேன். நீ வீட்டுல இரு.”

“மாமா, அந்தக் கடையில எம்பட கையில்லாம ஒரு மோட்டாராவது வெளிய போயிருக்குதா?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு? ஒடம்பு முக்கியமா, மோட்டார் முக்கியமா?”

இவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். “அண்ணன் சொல்றது சரிதான் புள்ள. நீ சந்தோசமா இரு, அது போதும்” என்றார். சந்தோஷமாக! சாவியைக் கையில் கொடுக்கவில்லை. மேசை மேல் எறிந்தேன்.

மார்ச் 11, ஞாயிறு

மச்சாண்டார் சம்சாரம் ருக்குமணி அக்கா ஒரு ஆளைக் கூட்டி வந்தார். ஆளுக்கு நல்ல உடம்பு, நெற்றி நிறைய திருநீறு. கழுத்து அறுத்த இடத்தில் ஏதோ காற்று ஏறிவிட்டதாம். மந்திரித்து ஒரு கறுப்புக் கயிற்றை என் வலது புஜத்தில் கட்டினார். “இறுக்கமா இருக்குதுங்க” என்றேன். “இறுக்கிக் கட்டுனாத்தான் அது வெளிய போகும்” என்றார்.

மூணு நிமிஷம் இருக்கும். அன்றைக்குக் கடையில் ஆன மாதிரியே கை வளைந்தது. விரல்கள் ஒட்டிக்கொண்டன, கட்டைவிரல் உள்ளே போனது. அக்கா அலறினார். அந்த ஆள் எழுந்து நின்று, “பாத்தீங்களா, பாத்தீங்களா, கயித்துக்கு எப்பிடி முறுக்குதுன்னு!” என்றார்.

நான் இடது கையால் அரிவாள்மனையை இழுத்துக் கயிற்றை அறுத்தேன். கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்தது.

“கயித்தைக் கட்டுனா முறுக்குது, அவுத்தா விடுது. பேய்க்கு இத்தனை கணக்காத் தெரியுமாக்கு?” என்று கேட்டேன். அந்த ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போய்விட்டார். அக்காவும் பின்னாலேயே போனார்.

இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரவே இல்லை.

மார்ச் 12, திங்கள்

கயிற்றுக்கும் கைக்கும் ஏதோ இருக்கிறது. என்னவென்று தெரியவில்லை. தெரியாமல் விடமாட்டேன்.

மார்ச் 20, செவ்வாய்

அரசு ஆஸ்பத்திரி. கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் ஊசி.

காலையிலிருந்து குரல்வளை இறுகிக்கொண்டு மூச்சு இழுக்கும்போது விசில் சத்தம் வந்தது. இவர் பக்கத்து ஊரில் மோட்டார் இறக்கப் போயிருந்தார். நானே பஸ் ஏறி வந்தேன். சீட்டு எழுதி, வரிசையில் நின்று, உள்ளே போனேன். நர்ஸ் பிரஷர் பார்க்கப் புஜத்தில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட, பட்டையை அப்படியே விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனார். கை வளைய ஆரம்பித்தது.

“டாக்டரம்மா, இதப் பாருங்க. இதேதான். கயிறு கட்டுனப்பவும் இதேதான் ஆச்சு” என்று கத்தினேன். குரல் கீச்சென்று வந்தது.

டாக்டர் பேர் மெகருன்னிசா. சின்ன வயசு, முப்பது தாண்டியிருக்காது. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். ஓடி வந்தார். பட்டையை அவிழ்க்கவில்லை, இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு என் காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் லேசாகத் தட்டினார். உதட்டோரம் தானாகத் துடித்தது. அப்புறம்தான் கழுத்துத் தழும்பு அவர் கண்ணில் பட்டது.

“இது எப்ப?”

“ஜனவரியில, தைராய்டுங்க.”

“அதுக்கப்புறம் கால்சியம் டெஸ்ட் எடுத்தீங்களா?”

“யாருஞ் சொல்லலீங்க.”

ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி கிராஃப் எடுத்தார்கள். கால்சியம் ஒன்பது, பத்து இருக்க வேண்டுமாம். எனக்கு அஞ்சரை. ஊசியில் மெதுவாக, மெதுவாக ஏற்றினார்கள். உடம்பு முழுக்கச் சூடு பரவியது. டாக்டரம்மா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கிராஃப் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் உதட்டில் எறும்பு இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினேன். எல்லாம் சொன்னபடி கேட்டன.

நான் அழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, ஊசி வலிக்காக இருக்கும்.

மார்ச் 22, வியாழன்

இன்றைக்கு டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி மாதிரி சின்னதாக நாலு சுரப்பி இருக்குமாம். பாராதைராய்டு. பேரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர தைராய்டு வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது சுரக்காவிட்டால் கால்சியம் இறங்கிப்போகும், நரம்பும் சதையும் தாமாகவே துள்ள ஆரம்பிக்கும். கை மடங்குவது, கால் பிடிப்பது, தொண்டை இறுகுவது, வலிப்பு எல்லாம் அதனால்தான்.

“அப்ப எனக்கு வலிப்பு நோய் இல்லீங்களா?”

“வலிப்பு வந்தது நிஜம். நோய் அது இல்ல. கால்சியம் சரியா இருந்தா வராது.”

“அந்த அரிசி எதனால கெட்டுப்போகுமுங்க?”

“சில பேருக்குப் பொறக்கறப்பவே இருக்காது. சில பேருக்கு உடம்பே அதை எதிரின்னு நெனச்சு அழிச்சிரும். மெக்னீசியம்னு ஒரு சத்து ரொம்பக் குறைஞ்சாலும் வேலை செய்யாது. ஆனா நாங்க அதிகமாப் பார்க்கறது கழுத்து ஆபரேஷனுக்கு அப்புறந்தான். கட்டியோட சேர்ந்து வந்துரும். இல்லைன்னா அதுக்குப் போற ரத்தக்குழாய் அடிபட்டுரும். சிலருக்கு ரெண்டு மாசத்துல தானாத் திரும்பும். சிலருக்குத் திரும்பாது.”

“எனக்கு எதுன்னு எப்பிடித் தெரியும்?”

“மெக்னீசியம் சரியா இருக்கு. ஹார்மோன் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். எடுத்த கட்டியோட பயாப்சி ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்க. அதுல எழுதியிருக்கும்.”

வலிப்பு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார். கால்சியம் மாத்திரை மூணு வேளை, அதை உடம்பு பிடித்துக்கொள்ள ஒரு சின்ன வைட்டமின் கேப்சூல்.

நான் நிறுத்திவிட்டதற்குச் சந்தோஷப்பட்ட அதே சாக்பீஸ்.

இவர் கட்டில் ஓரமாக நின்று எல்லாம் கேட்டார். பயாப்சி என்றதும் வெளியே போய்விட்டார். டீ குடிக்கப் போனதாகச் சொன்னார்.

மார்ச் 28, புதன்

நேற்றுத்தான் வீட்டுக்கு விட்டார்கள். ரிப்போர்ட்டை நானே போய் வாங்குகிறேன் என்று இவரிடம் சொல்லவில்லை. காலை பஸ்ஸில் கோயமுத்தூர் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் நோட்டைப் புரட்டினார். “நவமணி தண்டபாணி. இது அப்பவே குடுத்தாச்சுங்களே.”

“இல்லீங்க. ரிப்போர்ட் வரலீன்னு அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டீங்க.”

நோட்டை என் பக்கம் திருப்பினார். பிப்ரவரி ரெண்டு. கையெழுத்து: மு. தண்டபாணி. ‘ணி’யின் சுழியைப் பெரிதாகப் போட்டு வாலை நீட்டிவிடுவார். அவருடையதுதான்.

டாக்டர் ஊரில் இல்லை, ஒன்பதாம் தேதிதான் வருவார் என்றார்கள். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மார்ச் 29, வியாழன்

ராகி களி. கீரை. துணி துவைத்தேன். பேசவில்லை.

மார்ச் 30, வெள்ளி

பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

மார்ச் 31, சனி

மத்தியானம் இவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“பிப்ரவரி ரெண்டாந் தேதி எங்க கையெழுத்துப் போட்டீங்க?”

தண்ணீர்க் குழாயைக் கீழே விட்டார். பிறகு வண்டிக்குப் பின்னால் போய், ஸ்பேனர் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த கிரீஸ் துணியைப் பிரித்து ஒரு கவரை எடுத்தார். ஒட்டுப் பிரிக்கவே இல்லை.

“கவரு மேல பயாப்சின்னு போட்டிருந்துது. கவுண்டர்ல இருந்த புள்ள, டாக்டரப் பாத்துட்டுத்தான் போகோணும்னு சொல்லுச்சு. எங்கம்மாவுக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க. உள்ள போனோம், டாக்டரு கவரைப் பிரிச்சுப் படிச்சாரு, நாலு மாசத்துல அம்மா போயிட்டுது. நான் உள்ள போகலை. கவரை எடுத்துட்டு வந்துட்டேன்.”

“புத்துநோய்னு நெனச்சீங்களா?”

தலையை ஆட்டினார்.

திராட்சை, பழனி, பட்டுச்சேலை, சந்தோஷமாக இரு என்றது எல்லாம் வரிசையாக என் முன்னால் வந்து நின்றன. ரெண்டு மாசமாக இந்த மனுசன் என்னை வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு கவரைப் பிரிக்கத் தைரியமில்லாமல்.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. “நாஞ் சாகப்போறேன்னு நீங்களே முடிவு பண்ணீட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லொ? எம்பட உசுரு. சாகறதுன்னாலும் எனக்குல்ல மொதல்ல தெரியோணும்? நான் தரையில விழுந்து நாக்கைக் கடிச்சப்பவும் இந்தப் பெட்டிக்குள்ளதான இருந்துது இது?”

“தப்புத்தான் புள்ள.”

“தப்பில்ல. அதை விடப் பெருசு. பேரு எனக்குத் தெரியல.”

அங்கேயே கவரைக் கிழித்தேன். மூணு பக்கம் இங்கிலீஷ். எனக்கும் விளங்கவில்லை. ஆனால் பிரித்தேன்.

ஏப்ரல் 3, செவ்வாய்

டாக்டரம்மா படித்தார். ரெண்டு தடவை படித்தார். இவரையும் வலுக்கட்டாயமாக உள்ளே கூட்டிப்போயிருந்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“கேன்சர் இல்ல. சாதாரணக் கட்டி.”

இவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் தோள் குலுங்கியது. டாக்டரம்மா அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் கொடுக்கவில்லை, நர்ஸ் கொடுத்தார்.

“கட்டியோட மூணு பாராதைராய்டு சேர்ந்து வந்திருக்கு. இதோ, எழுதியிருக்காங்க. நாலாவது இருந்தாலும் ஹார்மோன் டெஸ்ட்டைப் பார்த்தா அது வேலை செய்யறதாத் தெரியலை. ரொம்பச் சின்னது, கொழுப்பு மாதிரியே இருக்கும். நல்ல டாக்டருக்கும் சில நேரம் தப்பிரும். ஆனா இது தெரிஞ்ச அன்னைக்கே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்.”

“எத்தனை நாளைக்கு மாத்திரைங்க?”

“ஆறு மாசம் வரைக்கும் பார்ப்போம். அனேகமா ஆயுசு முழுக்க.”

சரி. காரணம் தெரிந்துவிட்டது. பேய் இல்லை, மூளைக் கோளாறு இல்லை, புற்றுநோய் இல்லை. மூணு அரிசி.

ஏப்ரல் 9, திங்கள்

ஆபரேஷன் பண்ணின டாக்டரைப் பார்க்க ரெண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். இவரும் வந்தார். இந்தத் தடவை எனக்கு முன்னால் உள்ளே போனார்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கிரீஸ் கறையைப் பார்த்தார். “டிஸ்சார்ஜ் சம்மரியில பத்தாவது நாள் கால்சியம் செக் பண்ணணும்னு எழுதியிருக்கேம்மா. கைகால் மரத்தா உடனே வரணும்னும் இருக்கு. ரிப்போர்ட் வாங்கும்போது என்னைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். உங்க வீட்டுக்காரர் வரலை.”

“அவரு வராதது தப்புத்தானுங்க. அவர்கிட்ட நான் தனியாக் கேட்டுட்டேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். எந்தப் பாசையில எழுதுனீங்க?”

“இங்கிலீஷ்லதான் எழுதுவோம்.”

“நான் பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்சவ. இவரு ஆறாவது. உங்க கவுண்டர்ல எம்பட போன் நம்பர் இருக்குது. பிப்ரவரி ரெண்டாந் தேதியில இருந்து மார்ச் இருபது வரைக்கும் ஒருக்கா அடிச்சு, ஏம்மா, வெரல் மரக்குதான்னு கேக்க எத்தனை நிமிசம் ஆகுமுங்க?”

அவர் பேனாவை மூடினார், திறந்தார். வயசானவர். நல்ல பேர் உள்ளவர். சத்தம் போடுவார் என்றுதான் தயாராக இருந்தேன்.

“கூப்பிட்டிருக்கணும்” என்றார். “கூப்பிடலை. நாலாவது தப்பிச்சிருக்கும், நீங்க நல்லா இருப்பீங்கன்னு நெனச்சுட்டேன்.”

“அதை எழுதிக் குடுங்க. ஆபரேஷன்ல இந்தச் சுரப்பி போனதாலதான் வலிப்பு வந்துது, இது வலிப்பு நோய் இல்ல, மாத்திரை எடுத்தா வேலை செய்யலாம்னு. தமிழ்ல எழுதுங்க.”

“எதுக்கு? கேஸ் போடப் போறீங்களா?”

“கடைக்குப் போறதுக்குங்க.”

கையால் எழுதினார். தமிழ் எழுதிப் பல வருஷம் ஆகியிருக்கும், ரெண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார். ‘சுரப்பி’க்குச் சின்ன ‘ர’ போடச் சொன்னேன். சீல் வைத்துக் கொடுத்தார். நான் எழுந்தபோது, “கழுத்து ஆபரேஷன் பண்றவங்களுக்குத் தமிழ்ல ஒரு தாள் அடிக்கச் சொல்றேன்” என்றார். அடிக்கிறாரா என்று போன் பண்ணிக் கேட்பேன். நம்பர் என்னிடம் இருக்கிறது.

ஏப்ரல் 16, திங்கள்

கால்சியம் எட்டே கால். டாக்டரம்மா வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். உயரத்தில் ஏறக் கூடாது, கொஞ்ச நாளைக்குத் தனியாகக் கரண்டு கொடுத்துச் சோதிக்கக் கூடாது. அந்த ரெண்டுக்கும் ஒத்துக்கொண்டேன்.

நேராகக் கடைக்குப் போனேன். திருப்பூர்க்காரர் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மச்சாண்டார் எழுந்து வந்தார்.

“எதுக்கம்மிணி வந்தே? சொல்லியனுப்பியிருந்தா ஊட்டுக்கு வந்திருப்பேனல்லொ.”

கோயமுத்தூர்த் தாளையும் அரசு ஆஸ்பத்திரித் தாளையும் எடுத்துச் சத்தமாகப் படித்தேன். வாசலில் நின்ற ரெண்டு பேரும் கேட்டார்கள். கேட்கட்டும்.

மச்சாண்டார் தலையைச் சொறிந்தார். “தாளெல்லாஞ் சரி. மறுக்கா விழுந்தீன்னா? கடை மேல பழி வராதா?”

“விழுவனோ என்னமோ. விழ மாட்டேன்னு எழுதிக் குடுக்க முடியாது மாமா. மாத்திரை மறக்க மாட்டேன், மாசாமாசம் ரத்தம் பாப்பேன், கரண்டு சோதிக்கறப்பப் பக்கத்துல ஆள் வெச்சுக்குவேன். அத்தனைக்கும் ஒத்துக்கறேன். ஊட்டுக்குப் போறதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன்.”

“பையன் நல்லாத்தான் சுத்தறான்.”

அப்போது வாசலில் வண்டிப் பக்கம் நின்றிருந்த இவர் உள்ளே வந்து பேசினார். அண்ணன் முன்னால் இவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. இன்றைக்கும் உயரவில்லை.

“அண்ணா, அந்தப் பையன் சுத்துன மோட்டாரை நீங்க வேற வண்டி பாத்து எறக்கிக்கங்க. நவமணி சுத்தறதைத்தான் நான் எறக்குவேன்.”

மச்சாண்டார் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் திருப்பூர்க்காரரைப் பக்கத்து மேசைக்கு மாறச் சொன்னார்.

நான் இவரைப் பார்க்கவில்லை. இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் ராத்திரி கோழிக் குழம்பு வைத்தேன், அவருக்குப் பிடித்த மாதிரி காரமாக.

ஏப்ரல் 18, புதன்

கடைச் சுவரில் பெயின்ட்டால் எழுதினேன். மச்சாண்டார், “ஐயோ, கடைக்கு அசிங்கம், வர்றவன் போறவனெல்லாம் படிப்பான்” என்றார். படிக்கத்தான் எழுதுகிறேன் என்றேன். எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். பச்சைப் பெயின்ட், மோட்டார் பாடிக்கு அடித்தது போக மீந்தது.

‘என் பேர் நவமணி. எனக்கு ரத்தத்தில் கால்சியம் குறையும். கை மடங்கினால் பயப்பட வேண்டாம். மேசையில் நீல டப்பாவில் மாத்திரை இருக்கிறது, எடுத்துக் கொடுக்கவும். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குப் போன் பண்ணவும். வாயில் எதையும் போட வேண்டாம்.’

பத்தரை மணிக்கு ஒரு விவசாயி ஏழரை எச்பி மோட்டாரை ஆட்டோவில் கொண்டு வந்தார். புது ஆள், குண்டடம் பக்கம். சுவரைப் பார்த்து நின்று, எழுத்துக் கூட்டி, முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தார். கடையில் எல்லோரும் வேலையை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தோம். என் விரல் நுனி லேசாக மரத்தது. மாத்திரையை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மென்றேன்.

“நவமணிங்கறது நீங்களாம்மா?”

“நான்தானுங்க.”

“சரி” என்றார். “எம்பட மோட்டார் எப்பக் கெடைக்கும்?”

“சனிக்கிழமை வாங்க.”

“வெள்ளிக்கிழமை ஆகாதுங்களா? வாழை காயுது.”

விரல்களை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டேன்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம்” என்றேன். “வண்டியோட வந்துருங்க.”